பாஸா, தனி டிக்கெட்டா? சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு ஒரு ரயில் கணக்கு

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். நான், என் கணவர், 14 வயது மகன், 71 வயது மாமியார் ஆகிய நால்வரும் வரும் மே விடுமுறையில் பத்து நாள் சுவிட்சர்லாந்து செல்கிறோம். சூரிச்சில் இறங்கியதும் லூசெர்னில் இரண்டு இரவு, இன்டர்லாகனில் மூன்று இரவு, செர்மாட்டில் இரண்டு இரவு. எட்டாம் நாள் கிளேசியர் எக்ஸ்பிரஸில் செயின்ட் மோரிட்ஸ் போய் அங்கே இரண்டு இரவு. பத்தாம் நாள் சூரிச் விமான நிலையம். ரிகி மலை, யுங்ஃபிராவ்யோக், கோர்னர்கிராட், பெர்னினா எக்ஸ்பிரஸ் எல்லாம் பட்டியலில் உள்ளன. மாமியார் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரயிலிலும் கப்பலிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவார், ஆனால் பனிமலைக்கு வரமாட்டேன் என்கிறார். பெரியவர்கள் மூவருக்கும் எட்டு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்துவிடுங்கள் என்கிறார் எங்கள் ஏஜென்ட். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பியோ, பாஸ் வீண் செலவு, ஒவ்வொரு டிக்கெட்டையும் முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் மிக மலிவு என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? முதல் வகுப்பு எடுக்க வேண்டுமா?

பதில்: எடுத்தவுடனே சொல்லிவிடுகிறேன். உங்கள் பயணத்துக்குப் பொருந்தும் பாஸ், அட்டைகளில் ஏஜென்ட் சொன்ன எட்டு நாள் பாஸ்தான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. தம்பி சொல்வது பாதி சரி. உங்களுக்குப் பொருந்துவது இருவருமே பெயர் சொல்லாத மூன்றாவது ஒன்று. அதுவும் நால்வருக்கும் ஒரே மாதிரி இல்லை. மாமியாருக்கு வேறு, உங்கள் இருவருக்கும் வேறு.

ஏஜென்டைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாஸ் என்றால் அவருக்கு ஒரே பில். நடு ராத்திரியில் உங்களிடமிருந்து அழைப்பும் வராது. வாங்கியவர்களும் பெரும்பாலும் குறை சொல்வதில்லை. எல்லா ரயிலிலும் ஏறி இறங்கும் சுகத்தில், எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்று ஊருக்குத் திரும்பி யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம். நான் சொல்லும் விலைகள் எல்லாம் 2025ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு விலைகள். தனி டிக்கெட் கட்டணங்களை மட்டும் உத்தேசமாக முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால், பத்து பிராங்க் என்று படிக்கும் இடத்திலெல்லாம் மனத்துக்குள் ஆயிரம் ரூபாய் என்றே படியுங்கள்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியாக 3, 4, 6, 8 அல்லது 15 நாட்களுக்குக் கிடைக்கும். நாட்டின் ரயில், பஸ், ஏரிக் கப்பல், நகர டிராம் எல்லாவற்றிலும் அதைக் காட்டிவிட்டு உட்காரலாம். ஐநூறு அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் ஆகிய மூன்று மலைகளுக்கும் முழுமையாகச் செல்லும். மற்ற மலைகளில் பெரும்பாலும் பாதிக் கட்டணம். யுங்ஃபிராவ்யோக் மட்டும் விதிவிலக்கு: கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதம்தான் தள்ளுபடி. பலரின் கணக்கு இடறுவது இங்கேதான். எட்டு நாள் பாஸ் 419 பிராங்க். பதினைந்து நாள் பாஸ் 459. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து இன்னொரு முறை படியுங்கள். ஏழு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது, விலையில் வித்தியாசம் வெறும் நாற்பது.

அரைக்கட்டண அட்டை என்று ஒன்று உண்டு. அங்கே ஹாஃப் ஃபேர் கார்டு என்றால் தெரியும். ஒரு மாதம் செல்லும், விலை 120 பிராங்க். இதை வைத்திருந்தால் நாடு முழுவதும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கப்பலுக்கும் பாதி விலையில் டிக்கெட் வாங்கலாம். யுங்ஃபிராவ்யோக் உச்சி வரைக்கும் கூட முழுதாக 50 சதவீதம் குறையும். பாஸ் வைத்திருப்பவருக்கு 25, அட்டை வைத்திருப்பவருக்கு 50. விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி. முழுக் கட்டணத்தில் கூட்டினால் 240 பிராங்கைத் தாண்டும் எந்தப் பயணத்துக்கும் இந்த அட்டை விலையைத் திருப்பித் தந்துவிடும்.

தம்பி சொல்வது சூப்பர்சேவர் டிக்கெட். முன்கூட்டியே வாங்கினால் 70 சதவீதம் வரை குறையும். ஆனால் அது குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே. விமானம் தாமதமானாலும், பெட்டி வர நேரமானாலும், மாமியார் இன்னொரு காபி குடிக்கலாமே என்றாலும் அந்த டிக்கெட் வெறும் காகிதம். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இது பழகிய முறை; பெரிய நகரத்திலிருந்து பெரிய நகரத்துக்குப் போகும்போது நன்றாகவே வேலை செய்யும். காட்சிக்காக ரயிலேறும் பயணத்தில் பணத்தை விழுங்குவது மலை ரயில்கள். அங்கே சூப்பர்சேவர் பெரிதாகக் கைகொடுக்காது. அது மட்டுமல்ல, மலைக்குப் போகும் நாளை முன்கூட்டியே முடிவு செய்வதே தவறு. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான்காவது, சேவர் டே பாஸ். ஒரே ஒரு நாளுக்கு நாடு முழுவதும் செல்லும் டிக்கெட். ஆறு மாதம் முன்பிருந்தே விற்பார்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அரைக்கட்டண அட்டை உள்ளவர்களுக்கு 29 பிராங்கில் தொடங்கும், இல்லாதவர்களுக்கு 52இல்.

இனி உங்கள் பத்து நாள். டிக்கெட்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பயணத்தை அதற்குள் திணிக்கக் கூடாது. ஒரு தாளில் நாளுக்கு ஒரு வரி எழுதி, எதிரே முழுக் கட்டணத்தைப் போடுங்கள். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் எந்த இரண்டு ஊரின் பெயரைப் போட்டாலும் விலை வந்துவிடும். உங்களுக்காக நானே போட்டுப் பார்த்தேன். ஊர் மாறும் பயணங்கள், அதாவது விமான நிலையம் முதல் லூசெர்ன், அங்கிருந்து இன்டர்லாகன், செர்மாட், செயின்ட் மோரிட்ஸ், ஒன்பதாம் நாள் பெர்னினா பாதையில் இத்தாலியின் திரானோ வரை போய்த் திரும்புவது, கடைசியில் மீண்டும் விமான நிலையம் எல்லாம் சேர்ந்து ஒரு ஆளுக்குச் சுமார் 460 பிராங்க். இதில் செர்மாட்–செயின்ட் மோரிட்ஸ் மட்டுமே ஏறக்குறைய 160. ரிகிக்குக் கப்பலில் போய் மலை ரயிலில் ஏறி இறங்க 120. யுங்ஃபிராவ்யோக் இன்டர்லாகனிலிருந்து போய்வர மே மாதத்தில் 240 அளவில். கோர்னர்கிராட் 115. ஐந்தாம் நாளை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். அன்று லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு, மூரன் கிராமம் என்று சுற்றினால் 60. மொத்தம் ஆயிரத்தைத் தொட்டுவிடுகிறது.

எந்த அட்டையும் இல்லாமல் தனித்தனி டிக்கெட் வாங்கினால் ஆளுக்கு ஆயிரம். அரைக்கட்டண அட்டையோடு போனால் பாதி 500, அட்டைக்கு 120, ஆக 620. பதினைந்து நாள் பாஸ் எடுத்தால் 459, அதற்கு மேல் யுங்ஃபிராவுக்குச் சுமார் 160, கோர்னர்கிராட்டுக்குச் சுமார் 60, ஆக 680. ஏஜென்ட் சொன்ன எட்டு நாள் பாஸில் 419, அதே இரண்டு மலைச் செலவு, பிறகு பாஸுக்கு வெளியே நிற்கும் இரண்டு நாட்களுக்கு முழுக் கட்டணம் 150, ஆக 790. பாஸை முதல் நாளிலிருந்து தொடங்கினாலும் மூன்றாம் நாளிலிருந்து தொடங்கினாலும் வெளியே நிற்பது 150தான், தப்பிக்க வழியில்லை. பத்து நாள் பயணத்துக்கு எட்டு நாள் பாஸ் என்பது யாரோ பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது போலிருக்கிறது. பதினைந்து நாள் பாஸைச் சொல்லியிருந்தாலாவது ஏஜென்டின் யோசனையில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ஒரு மாத காலத்துக்குள் விரும்பிய நாட்களில் பயன்படுத்தும் ஃபிளெக்ஸ் பாஸும் இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம். உங்களுக்குப் பத்து நாளிலும் ஏதாவது ஒரு ரயில் இருப்பதால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது வானிலைக்கு வருகிறேன். மே மாதத்தில் ஆல்ப்ஸில் மேகம் எப்போது இறங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிற யுங்ஃபிராவ்யோக்கில் மேகம் மூடிவிட்டால், 240 பிராங்க் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். எல்லா மலைகளிலும் உச்சியில் நேரலைக் கேமரா வைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஓட்டல் அறையிலேயே அதைப் பார்த்துவிட்டு, தெளிவாக இருந்தால் மட்டும் கிளம்பி டிக்கெட் வாங்குங்கள். இன்டர்லாகனில் உங்களுக்கு முழுதாக இரண்டு பகல் இருப்பதால் நான்காம் நாளையும் ஐந்தாம் நாளையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. யுங்ஃபிராவ்யோக் உச்சிக்கு ஏறும் கடைசிக் கட்ட ரயிலில் நெரிசல் காலத்தில் இருக்கையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதையும் காலையில் கேமரா பார்த்த பிறகே செய்யுங்கள்.

இரண்டு நாளும் மழை என்றால்? யுங்ஃபிராவை விட்டுவிடுவீர்கள். அப்போது அட்டைக் கணக்கு 620லிருந்து 500க்கு இறங்கும், பாஸ் கணக்கு 680லிருந்து 520க்கு இறங்கும். இருபது பிராங்க் வித்தியாசத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆக, வெயில் அடித்தால் அட்டைக்கு 60 லாபம், மழை பெய்தாலும் அட்டைக்கு நஷ்டமில்லை. உங்கள் இருவருக்கும் அரைக்கட்டண அட்டையைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஆனால் ஒன்று. இந்தக் கணக்கு சொல்லாத ஒரு செலவு உண்டு, அது மனம் சார்ந்தது. அரைக்கட்டண அட்டை என்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். வாங்காமல் ஏறக் கூடாது. ரயிலுக்குள் விற்கும் வழக்கம் இல்லை, பரிசோதகர் வந்தால் அபராதம். செயலியில் அரை நிமிட வேலைதான். என்றாலும் சிலருக்கு அந்த அரை நிமிடத்தில் ஒரு தயக்கம் வந்துவிடும். "அடுத்த ஊர் வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா" என்ற ஆசை எழுந்தவுடனே "எட்டு பிராங்க், எண்ணூறு ரூபாய்" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். உங்கள் வீட்டில் அந்தக் குரல் பலமாகக் கேட்கும் ஆள் யாராவது இருந்தால் (கணவரா நீங்களா என்று நான் கேட்கப் போவதில்லை), ஆளுக்கு 60 பிராங்க் கூடக் கொடுத்துப் பதினைந்து நாள் பாஸே எடுத்துவிடுங்கள். அதை வீண் என்று சொல்ல மாட்டேன்.

மாமியாரின் கணக்கு வேறு. அவர் யுங்ஃபிராவும் கோர்னர்கிராட்டும் போகவில்லை. ஆயிரத்தில் அந்த இரண்டையும் கழித்தால் 645. பாதி சுமார் 320, அட்டை 120, ஆக 440. பாஸ் 459. இருபது பிராங்க்கூட வித்தியாசமில்லை. நீங்கள் மூவரும் மேலே போகும் நாளில் அவர் என்ன செய்வார்? இன்டர்லாகன் ஓஸ்ட் ரயில் நிலையத்தின் பின்னாலேயே பிரியென்ஸ் ஏரிக் கப்பல் நிற்கும் துறை. ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏரியின் மறுமுனையில் இருக்கும் பிரியென்ஸ் ஊர். மரச்சிற்பத்துக்குப் பெயர்போன இடம். அதே கப்பலிலோ ரயிலிலோ திரும்பிவிடலாம். அந்தக் கப்பல் டிக்கெட்டை அரைக்கட்டணத்தில் வாங்கினாலே அந்த இருபது பிராங்க் தீர்ந்துவிடும். எனவே அவருக்குப் பதினைந்து நாள் பாஸ் எடுங்கள். டிக்கெட் வாங்கும் வேலையே அவருக்கு வேண்டாம். பாஸையும் பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று தேடியிருப்பீர்கள். ஸ்விஸ் டிராவல் பாஸில் அது கிடையாது.

மகனுக்கு 14 வயது என்பது உங்கள் அதிர்ஷ்டம். 16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு ஸ்விஸ் ஃபேமிலி கார்டு இலவசம். பாஸ் வாங்கினாலும் அரைக்கட்டண அட்டை வாங்கினாலும் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள். பெற்றோரில் ஒருவர் கூட இருக்கும்போது மட்டுமே அது செல்லும். பாட்டி கணக்கில் வரமாட்டார். அதனால் கப்பலில் பாட்டிக்குத் துணையாகப் பேரனை மட்டும் அனுப்பினால் அவனுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். மலை ரயில் கவுன்டர்களில் விலை கேட்பதற்கு முன்பே அந்தக் கார்டை எடுத்து நீட்டுங்கள்.

இனி நீங்கள் ஆசைப்பட்டிருக்கும் இரண்டு புகழ்பெற்ற ரயில்கள். பாஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. பாஸ் உங்களுக்குத் தருவது பயண உரிமை. இருக்கை அதில் அடக்கமில்லை. கிளேசியர் எக்ஸ்பிரஸிலும் பெர்னினா எக்ஸ்பிரஸிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். கிளேசியரில் ஆளுக்கு ஐம்பது பிராங்கை ஒட்டி வரும், மகனுக்கும் சேர்த்து. நால்வருக்கு இருநூறு. பாஸ் இருக்கிறதே என்று அன்று காலை நிலையத்துக்குப் போய் நின்றால் ரயில் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

அந்த இருநூறைக் கொடுக்க வேண்டுமா? கிளேசியருக்குக் கொடுங்கள். பெர்னினாவுக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டு ரயிலும் ஓடுவது சாதாரண ரயில்கள் ஓடும் அதே தண்டவாளத்தில்தான். மலை, பாலம், பள்ளத்தாக்கு எதுவும் மாறாது. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்குச் சாதாரண ரயிலிலும் போகலாம், முன்பதிவே வேண்டாம். ஆனால் வழியில் பிரிக், ஆண்டர்மாட், டிசென்டிஸ் என்று மாறி மாறி ஏற வேண்டும். நான்கு பேரின் பெட்டிகளையும் 71 வயதுக்காரரையும் வைத்துக்கொண்டு அப்படி ஏறி இறங்கினால் மாலையில் ஜன்னலில் பார்த்தது ஒன்றும் நினைவில் நிற்காது. கிளேசியர் எக்ஸ்பிரஸ் 291 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்தில் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1930இல் தொடங்கிய ரயில். அதிவிரைவு என்ற பெயர் வெறும் அலங்காரம், நிதானம்தான் அதன் குணம். வழியில் 291 பாலங்கள், 91 சுரங்கங்கள், நடுவே 2,033 மீட்டர் உயரத்தில் ஓபரால்ப் கணவாய்.

அந்தக் கணவாய் ஏறும்போது மகனிடம் கீழே கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடும், அதாவது எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏற உதவும் பல் வைத்த இரும்புச் சட்டம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீலகிரி ரயில் பற்றிக்கொண்டு ஏறுவதும் இதே அப்ட் முறைப் பல்சட்டம்தான். அதை வடிவமைத்த ரோமன் அப்ட் ஒரு சுவிஸ் பொறியாளர். மேட்டுப்பாளையத்தில் புகைவிட்டு நிற்கும் அந்தப் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் சூரிச் பக்கத்தில் உள்ள வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. சூரிச் விமான நிலையத்திலிருந்து அந்த ஊர் ரயிலில் கொஞ்ச நேரத் தூரம்தான்.

பெர்னினா கதை வேறு. செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்கு மணிக்கு ஒரு சாதாரண ரயில் நேராகப் போகிறது, எங்கும் மாற வேண்டாம். பெட்டிகள் ஓட்டலில் இருக்கும், கையில் ஒரு பை மட்டும். முன்பதிவும் இல்லை, கூடுதல் கட்டணமும் இல்லை. முக்கியமாக, எக்ஸ்பிரஸின் கண்ணாடிப் பெட்டியில் ஜன்னல் திறக்காது, நீங்கள் எடுக்கும் படமெல்லாம் கண்ணாடியில் உங்கள் முகத்தோடு வரும். சாதாரண ரயிலில் ஜன்னல் திறக்கும் பெட்டி கிடைத்தால், அதை இறக்கிவிட்டுப் பனிக்காற்றோடு பார்க்கலாம். பிடித்த நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறவும் முடியும். எக்ஸ்பிரஸில் அது நடக்காது. இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. கட்டணம் குறைவென்றால் காட்சியும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

1910இல் முழுமையடைந்த பாதை அது. நூற்றுக்கு ஏழு என்ற செங்குத்தை எந்தப் பல்சட்டமும் இல்லாமல், வெறும் சக்கரத்தின் பிடியிலேயே ஏறுகிறது. ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டரில். அங்கே மே மாதத்திலும் பனி கிடக்கும். அங்கிருந்து திரானோவுக்கு 1,800 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். இரண்டே கால் மணி நேரத்துக்குள் பனியிலிருந்து வெயிலுக்கு வந்து சேர்வீர்கள். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். மொர்டெராட்ச் பனியாறும் லாகோ பியாங்கோ ஏரியும் அந்தப் பக்கம். திரானோவுக்குச் சற்று முன்னே புரூசியோவில் ரயில் ஒரு வட்டப் பாலத்தில் தன் பாதைக்குக் கீழேயே நுழைந்து போகும். மகனை அப்போது தூங்க விடாதீர்கள். இந்தப் பெர்னினா பாதையும் அதோடு சேர்ந்த அல்புலா பாதையும் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நம் நீலகிரி ரயில் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2005இல், சேர்ந்துவிட்டது.

திரானோ இத்தாலி என்றாலும் பாஸும் அரைக்கட்டண அட்டையும் அந்த ரயிலில் கடைசி நிலையம் வரை செல்லும். ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றாலும் கவலையில்லை, நீங்கள் ஷெங்கன் எல்லையைத் தாண்டவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே மதிய உணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். சுவிஸ் விலையைப் பார்த்த கண்ணுக்கு இத்தாலிய விலை குளிர்ச்சியாக இருக்கும்.

லூசெர்னிலிருந்து இன்டர்லாகன் போவதும் அழகான பயணம்தான். மணிக்கு ஒரு ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் பிரூனிக் கணவாய் வழியாகப் போய்விடும், முன்பதிவு தேவையில்லை. லூசெர்னில் ஏறும்போது வலப்பக்கம் இடம் பிடியுங்கள். மெய்ரிங்கனில் ரயில் திசை மாறிக் கிளம்பும். அப்போது பதற்றப்பட்டு எழுந்து இடம் மாறாதீர்கள். பிரியென்ஸ் ஏரி நீங்கள் இருக்கும் பக்கத்துக்கே வந்து சேரும்.

தம்பியின் யோசனை பயன்படும் இடம் எட்டாம் நாள். கிளேசியர் இருக்கையை முன்பதிவு செய்துவிட்டால் அந்த நாள் எப்படியும் மாறாது. மாறாத நாளுக்கு மாறாத டிக்கெட் வாங்குவதில் நஷ்டமில்லை. அரைக்கட்டண அட்டையில் அன்றைய டிக்கெட் சுமார் 80 ஆகும். அதற்குப் பதில் சேவர் டே பாஸை ஆறு மாதம் முன்பே பார்த்து வைத்து, 29க்கோ நாற்பதுக்கோ கிடைக்கும்போது வாங்கிவிடுங்கள். கடைசி நாள் விமான நிலையப் பயணத்துக்கும் இப்படியே செய்யலாம். மலை நாட்களுக்கும் ஐந்தாம் நாளுக்கும் எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். முதல் நாளுக்கும் கூடாது; சூரிச்சில் விமானம் எப்போது இறங்கும், பெட்டி எப்போது வரும் என்று யார் கண்டது. விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது, லூசெர்னுக்கு அடிக்கடி ரயில் உண்டு.

சில நடைமுறைகள். கிளேசியர் எக்ஸ்பிரஸ் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை ஓடாது. மே மாதத்தில் ஓடும். ஆனால் மே மாதத்தில் சில மலை ரயில்கள் இன்னும் பருவம் தொடங்காமலோ பராமரிப்புக்காகவோ மூடியிருக்கும். பிரியென்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயிலும் ஷைனிகே பிளாட்டே ரயிலும் கோடைக்குத்தான் திறப்பவை; மே நடுவில் போனால் பெரும்பாலும் இருக்காது. ரிகிக்குப் போகும் முன்னும் அவர்கள் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ், அட்டை இரண்டுமே பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து மின்னஞ்சலில் வருபவை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும், இனிஷியல் முன்னே பின்னே ஆகிவிட வேண்டாம்.

விலைகள் ஆண்டுதோறும் திருத்தப்படும். உங்கள் பயண ஆண்டின் விலை வந்ததும் நான் மேலே போட்ட 120, 459 என்ற இரண்டு எண்களை மாற்றி மறுபடி கூட்டிப் பாருங்கள். அட்டைக்கும் பாஸுக்கும் நடுவே 60 பிராங்க்தான் இடைவெளி என்பதால், அட்டை விலை கொஞ்சம் ஏறினாலே தீர்ப்பு பாஸ் பக்கம் சாய்ந்துவிடலாம். அப்படிச் சாய்ந்தால் தயங்காமல் மூவருக்கும் பதினைந்து நாள் பாஸ் எடுங்கள். எட்டு நாள் பாஸ் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தீர்ப்பு இந்தக் குடும்பத்துக்கானது. தினமும் ஊர் மாறுகிறவர்கள், மலையுச்சிகளைவிட ஏரியும் அருங்காட்சியகமும் விரும்புகிறவர்கள் பாஸ் வாங்கினால் லாபம். 25 வயது நிரம்பாதவர்களுக்குப் பாஸ் விலையில் 30 சதவீதம் குறையும் என்பதால் மாணவர்களுக்கும் அப்படியே. ஒரே ஊரில் தங்கி இரண்டொரு முறை மட்டும் ரயிலேறுகிறவர்களுக்கு எதுவும் வேண்டாம், அப்போதைக்கு அப்போது டிக்கெட் போதும்.

கடைசியாக முதல் வகுப்பு. வேண்டாம். கிளேசியரில் இரண்டாம் வகுப்பிலும் அதே கூரை வரை உயர்ந்த கண்ணாடிதான். முதல் வகுப்பில் இருக்கை அகலமாக இருக்கும், குறுக்கே நான்குக்குப் பதில் மூன்று இருக்கை, அவ்வளவே. நீங்கள் நான்கு பேர். இரண்டாம் வகுப்பில் ஒரு மேசையைச் சுற்றி எதிரெதிரே நான்கு இருக்கை கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது ஒரே மேசை வேண்டும் என்று குறிப்பிட்டு, ஜன்னல் ஓரத்தில் மாமியாரையும் மகனையும் உட்கார வையுங்கள்.